தாடைச் சீரமைப்பு அறுவை சிகிச்சை: சில மணி நேரச் சிகிச்சைக்கு ஓராண்டுக்கும் மேலான ஆயத்தம்

பிள்ளையின் கீழ்த்தாடை சற்று முன்னே நீண்டிருக்கிறது. வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. மீ கோரெங் சாப்பிடும்போது பல்லால் கடித்து அறுக்க முடியாமல் நாக்கால் அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. கம்பி போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தில்தான் பெற்றோர் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். “கோளாறு பல்லில் மட்டுமன்று, தாடை எலும்பிலும் இருக்கிறது” என்று அவர் சொல்லும்போது பல குடும்பங்கள் திகைத்துப் போகின்றன.

தாடை எலும்பை வெட்டி, நகர்த்தி, சரியான இடத்தில் பொருத்தும் இந்தச் சிகிச்சை சிங்கப்பூரில் வழக்கமாகச் செய்யப்படும் ஒன்று. அறுவை அரங்கில் ஆகும் நேரம் சில மணி மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் உள்ள காலம் ஒன்றரை முதல் மூன்று ஆண்டுவரை நீளலாம். அந்தக் காலத்தை முன்கூட்டியே அறிந்து திட்டமிடும் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

யாருக்குத் தேவைப்படுகிறது

மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒரே அளவில் வளராததே அடிப்படைக் காரணம். கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கலாம், பின்னே உள்வாங்கியிருக்கலாம், ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். பின்பற்கள் சேர்ந்தாலும் முன்பற்களுக்கு இடையே இடைவெளி இருக்கலாம். பிளவுபட்ட உதடு, அண்ணத்துடன் பிறந்தவர்களில் சிலருக்கு மேல்தாடை போதிய அளவு வளராமல் போவதுண்டு.

மெல்லுவதில் சிரமம், சில எழுத்துகளைச் சரியாக உச்சரிக்க முடியாமை, பற்கள் ஒரே பக்கம் தேய்வது, உதடுகள் இயல்பாக மூடாமை ஆகியவை இதனால் வரும் தொல்லைகள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் உள்ள பெரியவர்களில் சிலருக்கும், மூச்சுப் பாதையை விரிவுபடுத்த இரு தாடைகளையும் முன்னே நகர்த்தும் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

வளர்ச்சி முடியாத வயதில் அறுவை செய்தால் தாடை மீண்டும் வளர்ந்து கோணிவிடக்கூடும். அதனால் பொதுவாகப் பெண்பிள்ளைகளுக்குப் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் ஆண்பிள்ளைகளுக்கு அதற்கு ஓரிரு ஆண்டுகள் கழித்தும் செய்யப்படுகிறது. கீழ்த்தாடை நீண்டிருப்பவர்களுக்கு வளர்ச்சி நின்றுவிட்டதா என்பதை இடைவெளி விட்டு எடுக்கும் எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டு மருத்துவர்கள் உறுதிசெய்கின்றனர்.

முகத்துக்கு வெளியே தழும்பு இல்லை

கீழ்த்தாடையைச் சரிசெய்ய நடந்த முதல் அறுவை சிகிச்சையாகக் குறிப்பிடப்படுவது 1849ல் அமெரிக்காவில் சைமன் ஹல்லிஹென் செய்தது. தீக்காயத் தழும்பு இழுத்ததால் தாடை உருமாறிய ஓர் இளம்பெண்ணுக்கு அது செய்யப்பட்டது. இன்று உலகெங்கும் கையாளப்படும் முறை 1950களில் ஹ்யூகோ ஓப்வெகேசர் என்ற மருத்துவரால் உருவானது. வாய்க்குள்ளேயே கீறி, கீழ்த்தாடையின் இரு பக்க எலும்பையும் நெடுக்காகப் பிளந்து நகர்த்தும் முறை அது.

மேல்தாடையை நகர்த்தும்போதும் வாய்க்குள்தான் கீறப்படுகிறது. ஆகவே வெளியே தழும்பு தெரிவது அரிது. நகர்த்திய எலும்பு, டைட்டானியத் தகடுகளாலும் சிறு திருகுகளாலும் பிணைக்கப்படுகிறது. முன்பு மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் இறுகக் கட்டி ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாதபடி வைப்பார்கள். தகடுகள் வந்தபின் பெரும்பாலோருக்கு ரப்பர் வளையங்களே போதுமானதாகிவிட்டன.

ஆங் மோ கியோவிலிருந்து எங்கே செல்வது

அக்கம்பக்கப் பல் மருந்தகத்தில் முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். ஆனால் இந்தச் சிகிச்சைக்கு இரண்டு நிபுணர்கள் சேர்ந்து திட்டமிட வேண்டும். பற்களை நகர்த்துபவர் பல் சீரமைப்பு நிபுணர். எலும்பை நகர்த்துபவர் வாய், முக, தாடை அறுவை சிகிச்சை நிபுணர்.

அரசாங்கத் துறையில் இரு நிபுணர்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடங்களில் ஒன்று, சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகத்தில் உள்ள தேசிய பல் மருத்துவ நிலையம். மற்றொன்று, கெண்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக வாய்நல நிலையம். ஆங் மோ கியோவாசிகள் மேஃபிளவர் நிலையத்தில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயிலில் ஏறினால் மாறாமலேயே ஊட்ரம் பார்க் சென்றுவிடலாம். கெண்ட் ரிட்ஜ் செல்ல, ஆங் மோ கியோ நிலையத்தில் ஏறி பீஷானில் வட்டப் பாதைக்கு மாறினால் போதும். இரண்டாண்டுக்கு மேல் மாதந்தோறும் போய்வர வேண்டியிருக்கும் என்பதால் பயண வசதியையும் கணக்கில் கொள்வது நல்லது.

கழிவுக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் முக்கியம். பல் மருத்துவப் பிரிவு உள்ள பலதுறை மருந்தகத்திலோ சாஸ் திட்டத்தில் உள்ள பல் மருந்தகத்திலோ கடிதம் பெற முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். நேரடியாக நிபுணரிடம் சென்றால் தனியார் கட்டணமாகக் கணக்கிடப்படலாம்.

கம்பி போட்ட காலம்: சரியாகும்முன் மோசமாகத் தெரியும்

அறுவைக்கு முன் வழக்கமாக 12 முதல் 18 மாதம் பற்களுக்குக் கம்பி போடப்படும். தாடை கோணியிருக்கும்போது பற்கள் தாங்களே சாய்ந்து அந்தக் குறையை ஓரளவு மறைத்திருக்கும். அவற்றை நிமிர்த்தினால்தான் எலும்பை உரிய இடத்துக்கு நகர்த்தும்போது மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும்.

இதனால் அறுவைக்கு முந்தைய மாதங்களில் தாடைக் குறை முன்பைவிட அதிகமாகத் தெரியும். கடிப்பதும் கடினமாகும். “கம்பி போட்டும் இப்படியா?” என்று உறவினர்கள் கேட்கும் காலம் இது. சிகிச்சை தவறாகப் போகவில்லை, திட்டப்படியே நடக்கிறது என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருந்தால் பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

சிலருக்கு முதலில் அறுவையைச் செய்துவிட்டுப் பின்னர் கம்பி போடும் முறையும் உண்டு. அது எல்லாருக்கும் பொருந்தாது. எந்த முறையானாலும் அறுவைக்குப் பிறகு மேலும் பல மாதங்கள் கம்பி இருக்கும்.

கீழ்த்தாடையில் ஞானப்பற்கள் இருந்தால், எலும்பைப் பிளக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதால், அறுவைக்குச் சுமார் ஆறு மாதத்துக்கு முன்பே அவற்றை எடுத்துவிடும்படி பல மருத்துவர்கள் கூறுகின்றனர். சொத்தைப் பற்களையும் ஈறு நோயையும் கம்பி போடுவதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

நாள் பார்ப்பது

முதல் இரண்டு வாரம் வீட்டில் ஓய்வு தேவைப்படும். பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ திரும்ப இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். எலும்பு ஓரளவு கூட ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். இவற்றை வைத்தே தேதியை முடிவுசெய்ய வேண்டும்.

மாணவர்கள் பலர் ஆண்டிறுதி விடுமுறையைத் தேர்ந்தெடுக்கின்றனர். அப்படியானால் தைப்பூசத்தையும் யோசிக்க வேண்டும். டிசம்பரில் அறுவை செய்துகொண்டவரின் எலும்பு, தைப்பூசத்தின்போது முழுமையாகக் கூடியிருக்காது. அலகு குத்திக்கொள்வதாக வேண்டுதல் இருந்தால் அதை அறுவை நிபுணரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எப்போது பாதுகாப்பானது என்று கேட்க வேண்டும். தைப்பூசத்துக்கான நீண்ட விரதமும் காயம் ஆறும் காலமும் ஒன்றாக வந்தால் உடலுக்குப் போதிய சத்துக் கிடைக்காமல் போகும். வேண்டுதலை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பது பற்றிக் குடும்பத்தில் முன்பே பேசிக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தேதி கிடைத்தால், வீடு நிறைய விருந்தினரும் தட்டு நிறைய முறுக்கும் இருக்கும்போது கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருக்க முடியுமா என்பதை நோயாளியே முடிவுசெய்யட்டும். திருமணம் நிச்சயமானவர்கள், வீக்கம் முழுவதும் வடிய ஆறு மாதம் முதல் ஓராண்டுகூட ஆகலாம் என்பதை மனத்தில் வைத்துப் படம் எடுக்கும் நாளைக் குறிப்பது நல்லது.

தேசிய சேவைக்குச் செல்லவிருக்கும் இளையர்கள் சிகிச்சைத் திட்டத்தை முன்சேவை மருத்துவப் பரிசோதனையிலேயே தெரிவித்து, நிபுணரின் கடிதத்தையும் கொடுக்க வேண்டும். கம்பி போட்டுப் பாதி வழியில் இருக்கும்போது பயிற்சி தொடங்கிவிட்டால் சந்திப்புகளை ஒழுங்குபடுத்துவது கடினம்.

ஊழியர்கள் மருத்துவமனை விடுப்பைப் பற்றி அறிந்துகொள்ளலாம். வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வந்து, குறைந்தது 6 மாதம் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்துடன் கூடிய மருத்துவமனை விடுப்பு உண்டு. 14 நாள் வெளிநோயாளி மருத்துவ விடுப்பும் அதில் அடங்கும். சிகிச்சை அழகுக்காக மட்டும் செய்யப்படவில்லை என்பது மருத்துவச் சான்றிதழிலும் கடிதத்திலும் தெளிவாக இருந்தால் முதலாளியிடம் விளக்குவது எளிது.

பணக் கணக்கு

கம்பிச் செலவும் அறுவைச் செலவும் தனித்தனி. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுவோர் உண்டு.

கம்பிக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது. சாஸ் பல் மருத்துவக் கழிவும் அதற்குப் பொருந்தாது. மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும் அறுவைக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம். சுகாதார அமைச்சின் அறுவை சிகிச்சை அட்டவணையில் 1ஏ முதல் 7சி வரை உள்ள பிரிவுகளில் அந்த அறுவை எதில் வருகிறது என்பதைப் பொறுத்து, எடுக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு மாறும். பெற்றோர், வாழ்க்கைத்துணை போன்ற நெருங்கிய குடும்பத்தினரின் மெடிசேவ் கணக்கிலிருந்தும் செலுத்தலாம். அழகுக்காக மட்டும் செய்யப்படும் சிகிச்சைக்கு அனுமதி இல்லை.

காப்புறுதியில் கவனம் தேவை. பல காப்புறுதித் திட்டங்கள் பல் சிகிச்சையையும் அழகு சிகிச்சையையும் விலக்கிவைக்கின்றன. தாடை அறுவை எந்த வகையில் சேர்க்கப்படும் என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பாமல், அறுவைக் குறியீட்டுடன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, எழுத்துபூர்வமாகப் பதில் பெற வேண்டும். அறுவைக்கு நாள் குறிக்கும்முன் மருத்துவமனையின் நிதி ஆலோசனைப் பிரிவில் மதிப்பீடு கேட்டு, அதில் மயக்க மருந்து, தகடுகள், முப்பரிமாணத் திட்டமிடல், வார்டு, மறுபரிசோதனை எல்லாம் அடங்குமா என்று சரிபார்க்கலாம். கட்ட இயலாதவர்கள் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கையொப்பமிடும்முன் கேட்க வேண்டியவை

21 வயது நிரம்பாதவர்களுக்குப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதலும் கேட்கப்படும். ஆனால் அறுவையைத் தாங்கப்போவது பிள்ளை. “உனக்கு இது வேண்டுமா?” என்ற கேள்வியை வீட்டில் கேட்டுவிட்டே ஒப்புதல் படிவத்தை எடுக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

• ஒரு தாடையா, இரண்டுமா? எத்தனை மில்லிமீட்டர் நகரும்?
• அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும்? கம்பி மட்டும் போட்டால் எந்த அளவுக்குச் சரியாகும்?
• என் தாடையில் நரம்பு எந்த இடத்தில் செல்கிறது? உணர்விழப்பு நிலைத்துவிடும் வாய்ப்பு எவ்வளவு?
• பற்களைக் கம்பியால் கட்டுவீர்களா, ரப்பர் வளையமா? எத்தனை வாரம்?
• மறுபடியும் அறுவை தேவைப்படும் சூழல் எது?

இவற்றில் நரம்பைப் பற்றிய கேள்வி மிக முக்கியம். கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்வு தரும் நரம்பு, கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே செல்கிறது. எலும்பைப் பிளக்கும்போது அது இழுபடுவதால், கீழ்த்தாடை அறுவைக்குப் பிறகு பெரும்பாலோருக்கு அந்தப் பகுதி மரத்துப்போகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உணர்வு மெல்லத் திரும்பும். சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாகவே மரத்திருக்கும். இது உணர்வு நரம்பு என்பதால் உதட்டை அசைக்க முடியும், ஆனால் தொடுவது தெரியாது. அப்படி நேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று யோசித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசி ஒரு மாதம்

சிடி ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே, பற்களின் அச்சு அல்லது ஸ்கேன், இரத்தப் பரிசோதனை ஆகியவை நடக்கும். தாடையைச் சரியான இடத்தில் நிறுத்த உதவும் சிறு அச்சுப் பட்டை கணினித் திட்டப்படி தயாராகும்.

உட்கொள்ளும் எல்லாவற்றையும் பட்டியலிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, ஜின்செங், மஞ்சள் மாத்திரை, ஊரிலிருந்து வந்த லேகியம் எதையும் “அது மருந்தே இல்லை” என்று விட்டுவிடக் கூடாது. சில பொருள்கள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஜி6பிடி குறைபாடு, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். மருத்துவர் தந்த மருந்தை நோயாளி தானாக நிறுத்தக் கூடாது.

புகைபிடிப்பதையும் மின்சிகரெட்டையும் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். அவை காயமும் எலும்பும் ஆறுவதைக் கெடுக்கும். வெற்றிலை பாக்கும் வேண்டாம்.

சமையலறை ஆயத்தம்

முதல் சில நாள்களுக்குத் திரவ உணவு மட்டுமே. பிறகு மெல்லத் தேவையில்லாத மென்மையான உணவு சில வாரம் தொடரும். உடல் எடை குறைவது வழக்கம். ஒல்லியாக இருப்பவர்கள் அறுவைக்கு முன்பே நன்றாகச் சாப்பிட்டு உடலைத் தேற்றிக்கொள்ளலாம்.

நம் சமையலறையில் இதற்கு வேண்டியது நிறையவே இருக்கிறது. தேக்காவில் கிடைக்கும் சத்துமாவு, கேழ்வரகு மாவில் கஞ்சி, பருப்பை நன்கு வேகவைத்து அரைத்து வடிகட்டிய சூப், கோழி அல்லது எலும்பு ரசம், மோர், பால், தயிர் கலந்த பானங்கள் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணீரில் புரதம் மிகக் குறைவு. சைவ உணவு உண்பவர்கள் பருப்பு, பால், தோஃபு, சோயா பானம் ஆகியவற்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். தேவைப்பட்டால் உணவியல் நிபுணரைப் பார்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, எதையும் வடிகட்டிக் கொடுப்பது. கடுகும் மிளகாய் விதையும் காயத்தில் சிக்கும். இரண்டு, காரத்தையும் புளிப்பையும் குறைப்பது. மூன்று, சூடு. உதடு மரத்திருப்பதால் கொதிக்கும் கஞ்சி சுடுவது நோயாளிக்குத் தெரியாது. கொடுப்பவர் தம் கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் கொடுக்க வேண்டும். உறிஞ்சுகுழலைப் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். பலருக்குக் குழாய் பொருத்திய ஊசிக்குழலோ சிறு கரண்டியோ வசதியாக இருக்கிறது.

அரைக்கும் இயந்திரம், வடிகட்டி, சிறு குழந்தைகளுக்கான மென்மையான பல் தூரிகை, உதட்டுக்கு வாசலின், குளிர் ஒத்தட உறை, தலையை உயர்த்தி வைக்கக் கூடுதல் தலையணைகள் ஆகியவற்றை முன்பே வாங்கி வைக்கலாம்.

மருத்துவமனைக்குச் செல்லும் நாள்

முழு மயக்கத்தில் செய்யப்படுவதால் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகத் திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். மருத்துவமனை தரும் நேரத்தையே பின்பற்ற வேண்டும். பிரசாதமானாலும் பாலானாலும் அந்த நேரத்துக்குப் பிறகு வேண்டாம்.

மூச்சுக்குழாய் பெரும்பாலும் மூக்கு வழியாகச் செலுத்தப்படும். மூக்குத்தி, தோடு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் முதல்நாளே தாதியிடம் பேசுவது நல்லது. நகப்பூச்சும் விரல்நுனியில் அடர்ந்த மருதாணியும் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியைக் குழப்பக்கூடும். அறுவைக்கு முந்தைய வாரங்களில் அவற்றைத் தவிர்க்கலாம்.

வீடு திரும்பியபின்

பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் வீடு திரும்பலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் பெருமளவு வடியும். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் சிறிதளவு இரத்தம் கசியலாம். மேல்தாடை அறுவை செய்தவர்கள் சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். விமானப் பயணத்துக்கும், காற்பந்து, சிலம்பம் போன்ற முகத்தில் அடிபடக்கூடிய விளையாட்டுகளுக்கும் நிபுணரின் அனுமதி தேவை.

ரப்பர் வளையங்களை வெட்டச் சிறு கத்தரிக்கோல் படுக்கை அருகில் இருக்கட்டும். வாந்தி வந்தால் முன்னே குனிந்து, வளையங்களை எப்படி எடுப்பது என்பதை நோயாளியும் உடனிருப்பவரும் மருத்துவமனையிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். நிற்காத இரத்தப்போக்கு, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 995. காய்ச்சல், சீழ், பற்கள் திடீரெனப் பொருந்தாமல் போவது ஆகியவற்றுக்கு அறுவை செய்த மருத்துவமனையைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

முதல் வாரங்களில் பேச்சு தெளிவாக வராது. கைப்பேசியில் எழுதிக் காட்டலாம். எழுத்துப் படிக்க இயலாத தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் தண்ணீர், வலி, கழிவறை, குமட்டல் ஆகியவற்றுக்குக் கைசாடைகளை முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம்.

மனச்சோர்வும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. பசி, தூக்கமின்மை, கண்ணாடியில் தெரியும் வீங்கிய முகம் எல்லாம் சேர்ந்து “ஏன் செய்துகொண்டேன்” என்ற எண்ணத்தைத் தரலாம். பலருக்கு வீக்கம் வடிய வடிய அது தணியும். தணியாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதுவரை உறவினர்களின் வருகையைத் தள்ளிப்போடலாம். நோயாளியின் அனுமதியின்றிப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். “முகம் மாறிவிட்டதே” என்பதைவிட “கஞ்சி இறங்குகிறதா?” என்று கேட்பது அந்த நேரத்தில் நோயாளிக்கு உதவியாக இருக்கும்.